முப்பது சதவீதம்

கணக்கில் ஒன்று கூடுதலாக இருந்தது.

பராசரன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். திரையின் அடியில் மொத்தம் அறுபத்து நான்கு என்றுதான் இருந்தது. கம்பெனிக்கு இருப்பது அறுபத்து மூன்று கணினிகள். தில்லைநகரில் இந்த இரண்டாம் மாடித் தலைமை அலுவலகத்தில் நாற்பத்தொன்று, ஜீயபுரம் வாழைப்பழக் கிடங்கில் பன்னிரண்டு, துறையூரிலும் மருங்காபுரியிலும் காய் வாங்கும் இடங்களில் ஐந்தைந்து. அத்தனையும் அவன் கையால் பெட்டி பிரித்தவை. எதற்கு எப்போது விசிறி மாற்றியது, எந்தக் கீபோர்டில் யார் காபியைக் கொட்டினார் என்பது வரை அவனுக்கு மனப்பாடம். இந்த அறுபத்து நான்காவது எங்கிருந்து முளைத்தது என்று தெரியவில்லை.

அன்று வைகுண்ட ஏகாதசி. மாவட்டம் முழுக்க உள்ளூர் விடுமுறை, திருச்சியே காலியாகி ஸ்ரீரங்கத்தில் போய் நின்றது. ஸ்ரீரங்கத்துக்காரனான பராசரன் மட்டும் தில்லைநகரில் உட்கார்ந்திருந்தான். கணினிகளுக்கு அப்டேட் போடுகிறவன் பிழைப்பு அப்படித்தான். ஆள் இருக்கும்போது ரீஸ்டார்ட் செய்தால் அடிக்க வருவார்கள். ஆகவே மற்றவர்கள் சாமி கும்பிடும்போதும் கல்யாணத்துக்குப் போகும்போதும் இவன் ஆளில்லாத ஹாலில் உட்கார்ந்து சதவீதம் ஏறுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். பதினாறு வருஷமாய் இதே வேலை. ஒழுங்காய் நடந்தால் இப்படி ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது, ஒன்று கெட்டுப்போனால் எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்துவிடும்.

மணி மூன்று. ஏகாதசி விரதம், காலையிலிருந்து வயிற்றில் பிளாஸ்க் பால் மட்டும். கண்ணுக்குப் பின்னால் ஒரு வலி வழக்கம்போல் வந்து குடியேறியிருந்தது. மற்ற நாட்களில் ஃபோனும் பேச்சும் நிறைந்திருக்கும் ஹாலில் இன்று கணினிகளின் விசிறிகள் மட்டும் மெல்லிய ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தன. ஏ.சி. நின்ற காற்றில் தூசியும் பழைய காகிதமும் மணந்தன, அவற்றுக்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் மணந்தது. அவன் மூக்கை உறிஞ்சிப் பார்த்தான்.

வாழைப்பழம். ஒரு சீப்புப் பழத்தின் வாசனை இல்லை. நூறு நூற்றைம்பது பிளாஸ்டிக் கிரேட் காயை ஓர் அறையில் அடுக்கிக் கதவைச் சாத்திப் பழுக்க வைத்தால் வருமே, இனிப்பும் புளிப்பும் வியர்வையும் கலந்த ஒரு புழுக்கம், அது. வாழைப்பழக் கம்பெனிதான் என்றாலும் இந்த மாடிக்குப் பழம் வருவதில்லை.

ஃபோன் அடித்தது. வத்ஸலா, அவன் மனைவி.

"ஏன்னா, பால் குடிச்சேளா?"

"குடிச்சேன்."

"நான் கார்த்தாலயே பரமபதவாசல் சேவிச்சுட்டு வந்துட்டேன். என்ன கூட்டம்ங்கறேள்! ரத்னாங்கில பெருமாளைப் பார்க்கறச்சே கண்ணே கூசித்து. உங்களுக்கும் சேர்த்து வேண்டிண்டேன்."

"என்னன்னு?"

"ராத்திரி நன்னா தூக்கம் வரணும்னு. வேறென்ன கேக்கப் போறேன்?"

அவன் மறுபடி மூக்கை உறிஞ்சிப் பார்த்தான். பிறகு, "பையில வாழைப்பழம் ஏதாவது வச்சியா?" என்று கேட்டான்.

"ஐயோ, நீங்கதான் ஒரு வருஷமா அதைக் கையால தொடறதில்லையே. பால் மட்டும்தான் குடுத்தேன். ஆறரைக்குள்ள ஆத்துக்கு வந்துடுங்கோ."

வந்துவிடுகிறேன் என்று சொல்லி ஃபோனை மேசைமேல் வைத்துவிட்டு, கணினிப் பட்டியலைப் பெயர்வாரியாக அடுக்கிப் பார்த்தான். கூடுதல் ஆசாமி நடுவில் இருந்தான். பக்கத்தில் பச்சைப் புள்ளி.

ஜீயபுரம்-3. இயங்குகிறது. பயனர் உள்ளே இருக்கிறார்.

அவன் கை மௌஸின் மேலேயே நின்றுவிட்டது. அந்தக் கணினியைப் போன பிப்ரவரியில் அவனேதான் கழற்றினான். அதன் டிஸ்க்கை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வெறும் பெட்டியைப் பாலக்கரைப் பழைய சாமான் கடையில் கொடுத்தான். வீட்டுக்குப் போகும் வழியில் காவிரிப் பாலத்தில் பைக்கை நிறுத்தி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, டிஸ்க்கை ஆற்றில் போட்டான். அது விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை.

பழைய பதிவு ஏதோ தப்பித் தலைகாட்டுகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சர்வர் பழசு, இப்படியெல்லாம் உளறும். இன்றைக்கு அதற்கும் புதுப் பதிப்பு போடப் போகிறோம், எல்லாம் துடைபட்டுப் போய்விடும். துடைபட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் அவன் இன்று வந்ததே.

ஷூ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுத் திரும்பினான். வாட்ச்மேன் கியாசுதீன்.

"சார், அக்கா வீட்ல விசேஷம். நீங்க இருக்கறதால, கொஞ்சம் முன்னாடியே கெளம்பட்டுங்களா?"

"போயிட்டு காலைல வாங்க பாய். நான் பூட்டிக்கறேன்."

கியாசுதீன் போகாமல் ஹாலின் கோடியைப் பார்த்தபடி நின்றார். அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சர்வர் அறை.

"உள்ள வேற யாரும் இருக்காங்களா சார்? ரொம்ப நேரமா மணி அடிச்சிட்டே இருக்கு."

"யாருமில்ல பாய். மெஷின் சத்தம்."

"அப்ப சரிங்க சார்." படியில் இறங்கும் சத்தம், கீழே ஷட்டர் பாதி இறங்கும் சத்தம், பிறகு ஒரு டிவிஎஸ் கிளம்பிப் போகும் சத்தம். அதன் பிறகு விசிறிகள் மட்டும்.

பராசரன் காதைக் கூர்மையாக்கிக் கேட்டான். மணி எதுவும் கேட்கவில்லை.

அறுபத்து மூன்றுக்கும் அப்டேட்டை அனுப்பினான். பச்சைக் கோடுகள் வரிசையாய் நகர ஆரம்பித்தன. நாலரை மணிக்கு முக்கால்வாசி முடிந்திருந்தபோது ஃபோன் மறுபடி அடித்தது. சேமித்து வைக்காத எண்தான், ஆனாலும் யாருடையது என்று தெரியும்.

"சார், ஜாவித் பேசறேன்."

"சொல்லு ஜாவித்."

"நாளைக்குக் கோர்ட்ல வாய்தா சார். அந்தச் சனிக்கிழமை கம்ப்யூட்டர் ரெக்கார்டு இருந்தா வாங்கிட்டு வரச் சொல்றாரு வக்கீல். திரையில முப்பது பர்சென்ட்னு நின்னுச்சு சார். ஆஃப் பண்ணாதீங்கன்னு போட்டிருந்துச்சு. நான் கண்ணால பாத்தேன். அதான் ஓடலியேன்னு டீ குடிக்கப் போனேன். மணி அடிச்சிருந்தா போயிருப்பேனா சார்? ஆண்டியண்ணன் எனக்குத் தொழில் சொல்லிக்குடுத்தவரு. ஒருத்தரும் நம்ப மாட்டேங்கறாங்க. எங்க ஸஹ்ராவ ஸ்கூல்ல கொலைகாரன் பொண்ணுங்கறாங்களாம்."

பராசரன் உதட்டை நாக்கால் ஈரமாக்கிக்கொண்டான்.

"பழசெல்லாம் இருக்கறது கஷ்டம் ஜாவித். பிறகு பார்க்கலாம்."

"அல்லாவுக்காகத் தேடிப் பாருங்க சார்."

தேட வேண்டிய அவசியமே இல்லை. எந்த வரியில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

போன வைகுண்ட ஏகாதசி விடுமுறையை ஈடுகட்ட, அடுத்து வந்த ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கியிருந்தார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். கம்பெனிக்குச் சனிக்கிழமை விடுமுறை என்பதால், மாதம் ஒரு சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு எல்லாக் கணினிகளும் தானாக அப்டேட் ஆகி ரீஸ்டார்ட் ஆகும்படி அவன் எப்போதோ ஏற்பாடு செய்து வைத்திருந்தான். அந்த ஒரு சனிக்கிழமைக்கு மட்டும் அதை நிறுத்தி வைக்க மறந்துபோனான். அவ்வளவுதான் தப்பு. களைப்பு, வேறொன்றுமில்லை.

ஜீயபுரத்தில் பழுக்க வைக்கும் மூன்றாம் அறைக்குள் ஆண்டி கிரேட்களைப் பார்க்கப் போயிருந்தார். காற்றுப் புகாத அறை. பழுக்கிற பழம் உள்ளே இருக்கிற நல்ல காற்றையெல்லாம் குடித்துவிடும். கதவின் உள்தாழ் மக்கர் செய்தது. உள்ளே ஓர் அவசர மணிப் பொத்தான் உண்டு, ஆனால் அது அடிப்பது ஜீயபுரம்-3 என்ற கணினி வழியாக. அந்தக் கணினியோ அந்த நேரத்தில் முப்பது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது.

மணியை அசட்டை செய்து ஆண்டியை மூச்சுமுட்டிச் சாக விட்டதாக, அந்தக் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜாவித் மேல் வழக்குப் போட்டார்கள். கணினி ஓடிக்கொண்டிருந்தது, மணி சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவன் பராசரன். கட்டாய ரீஸ்டார்ட், பதினொன்றரை, ஆணையிட்டவர் பராசரன் என்கிற ஒரே ஒரு வரி மட்டும் சர்வரின் பழைய பதிவுகளில் மிச்சம். கையால் அழித்தால் அழித்தவன் பெயரும் பதிவாகும். புதுப் பதிப்பு போட்டால் ஆறு மாதத்துக்கு முந்தைய பதிவெல்லாம் ஒழுங்குமுறைப்படி தானே போய்விடும், யாரும் ஒரு கேள்வி கேட்க முடியாது. இன்று போட்டுவிட்டால் நாளை கோர்ட்டில் கொடுக்க எதுவும் இருக்காது. அவனுக்கு வேண்டியது இனிமேலாவது தூக்கம்.

ஆறு மணிக்கு அறுபத்து மூன்றும் இறக்கி முடித்து ரீஸ்டார்ட்டுக்குக் காத்திருந்தன. அறுபத்து நான்காவதன் பக்கத்தில் மஞ்சளில் ஒரு வரி வந்திருந்தது.

ஜீயபுரம்-3: பயனர் ஒத்திவைத்தார்.

அவன் அதற்கு எதையும் அனுப்பவே இல்லை. பட்டியலிலிருந்து நீக்கப் பார்த்தான். மறைந்தது, மறுபடி வந்தது. பயனர் ஒத்திவைத்தார். மறுபடி நீக்கினான். பயனர் ஒத்திவைத்தார். வாழைப்பழ வாசனை இப்போது நாக்கிலேயே ஒட்டியது.

அந்தப் பெயரை அழுத்தித் திறந்தான். வெறும் நேரங்கள் வரிசையாக வந்தன.

அவசர மணி, அறை 3: 11.41. 11.41. 11.42. 11.42. 11.42.

பராசரன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். இவை எங்கேயும் பதிவாகாதவை. பதிவாக வேண்டிய கணினிதான் அன்று செத்த பிணமாய்க் கிடந்ததே. ஆனாலும் வரிகள் இறங்கிக்கொண்டே போயின. முதலில் நெருக்கமாக, ஒரே நிமிஷத்தில் எட்டு, பத்து. பிறகு இடைவெளி விட்டு. 11.58. 12.01. 12.04. கடைசி வரி 12.09. கீழே மொத்தம் போட்டிருந்தது, நூற்றுப் பன்னிரண்டு.

ஒரு வருஷமாய் ராத்திரி ராத்திரி அவன் யோசித்துக் கிடந்தது இதைத்தான். ஆண்டி எத்தனை தடவை அழுத்தியிருப்பார்?

அவனுக்கு அவமானமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அந்த ஒற்றை வரியை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து ஜாவித்தை அழைத்துக் கொடுத்துவிட்டால் என்ன? பிரிண்டர் மூன்றடி தூரத்தில் இருந்தது. கை ஃபோன் வரை போனது. வேலை போகும், வழக்கு இவன் பக்கம் திரும்பும், ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் தலை காட்ட முடியாது, வத்ஸலா முகத்தைப் பார்க்க முடியாது.

பிறகு பார்க்கலாம் என்று ஃபோனைக் குப்புற வைத்தான்.

இந்தச் சனியனை முதலில் முடிக்க வேண்டும். அனைத்தையும் தேர்ந்தெடு. அறுபத்து நான்குக்கும் டிக் விழுந்தது. கட்டாய ரீஸ்டார்ட், பத்து நிமிஷத்தில். அழுத்தினான். பென் டிரைவை எடுத்துக்கொண்டு சர்வர் அறைக்கு நடந்தான்.

ஹாலில் வெளிச்சம் மங்கிவிட்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே மார்கழிச் சாயங்காலம் சீக்கிரமே கறுத்தது. நாற்காலிகள் எல்லாம் மேசைக்குள் தள்ளி வைக்கப்பட்டிருந்தன, வரவேற்பு மேசை நாற்காலி மட்டும் வெளியே இழுபட்டுக் கிடந்தது. கியாசுதீன் உட்கார்ந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே சர்வர் அறைக் கதவில் அடையாள அட்டையைக் காட்டினான். பச்சை விளக்கு. கதவு திறந்தது, பின்னால் தானாகவே சாத்திக்கொண்டது.

உள்ளே பல் கிட்டும் குளிர் இருக்க வேண்டும். இல்லை. வெதுவெதுப்பாக, ஈரமாக, மூச்சு விட்ட காற்றையே திரும்ப இழுப்பதுபோல் இருந்தது. ஏ.சி. ஓடிக்கொண்டுதான் இருந்தது. வாசனை தாங்க முடியவில்லை. கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு பென் டிரைவைச் செருகி, சர்வரின் சின்னத் திரையில் ஆம் என்பதை அழுத்தினான். மறுபடி கேட்டது. பழைய பதிவுகள் நீக்கப்படும், சம்மதமா? சம்மதம்.

ஐந்து. பன்னிரண்டு. இருபத்தொன்று.

முப்பது.

அங்கேயே நின்றது.

பெருமூச்சு விட்டான். நிற்கட்டும், தானாய் ஓடி முடியும். இனி வீட்டுக்குப் போகலாம். கதவருகே வந்து அட்டையைக் காட்டினான். சிவப்பு. துடைத்துவிட்டுக் காட்டினான். சிவப்பு.

அப்போதுதான் உறைத்தது. உள்ளேயிருந்து திறக்கவும் அட்டை வேண்டும். அட்டையைப் பார்த்துக் கதவைத் திறந்துவிடுவது வரவேற்பு மேசைக் கணினி. ஒவ்வொரு தடவையும் அதற்கு மட்டும் முதலில் டிக்கை எடுத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவான். பதினாறு வருஷத்துப் பழக்கம். இன்று எடுக்கவில்லை.

ஃபோன் மேசையில். கியாசுதீன் அக்கா வீட்டில். காலைல வாங்க பாய்.

கதவின் பக்கத்தில் சிவப்புப் பொத்தான் இருந்தது. ஆண்டி செத்த பிறகு, மூடிய அறை எல்லாவற்றிலும் அவசர மணி வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. இங்கே வைத்தவன் பராசரன்தான். தனி ஒயர் இழுக்கச் சோம்பல்பட்டு, வரவேற்பு மேசைக் கணினியிலேயே கோத்துவிட்டான்.

அழுத்தினான். சத்தமில்லை.

மறுபடி அழுத்தினான். மறுபடி. மறுபடி. எண்ணக் கூடாது என்று நினைத்தான், மனம் எண்ணியது.

கண்ணாடியில் முகத்தை ஒட்டி வெளியே பார்த்தான். இருட்டிய ஹாலில் நாற்பத்தொரு திரைகளும் நீலமாய் ஒளிர்ந்தன. எல்லாவற்றிலும் ஒரே எண். முப்பது. ஓர் எண்கூட நகரவில்லை. மேசைமேல் குப்புறக் கிடந்த ஃபோன் வெளிச்சத்தோடு அதிர்ந்து அதிர்ந்து ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. மணி ஆறரை ஆகியிருக்கும். வத்ஸலா.

கண்ணாடியைக் குத்தினான். கத்தினான். கத்தியதற்கு மூச்சு போதவில்லை. வாயைத் திறந்தால் இனிப்பு. புளிப்பு. நெஞ்சில் ஒரு பாரம். பொத்தானை விடவில்லை.

முப்பத்தேழு. முப்பத்தெட்டு.

வரவேற்பு மேசை நாற்காலி திரும்பியது.

அதில் ஆள் இருந்தார். முதுகு தெரிந்தது. தலையில் கட்டிய துண்டு. வாழைக்கறை படிந்து கறுத்த பனியன். கணினியைத் தொட்டே பழக்கமில்லாதவரைப்போல இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு, திரையைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் நடுவில் ஒரு சின்னக் கட்டம் வந்திருந்தது. இவ்வளவு தூரத்திலும் பராசரனால் அதைப் படிக்க முடிந்தது.

அவசர மணி, சர்வர் அறை. உள்ளே ஆள் இருக்கிறார்.

அடியில் இரண்டு பொத்தான்கள். கதவைத் திற. பிறகு நினைவூட்டு.

"ஆண்டி..." என்றான். கண்ணாடியில் ஆவி படிந்தது. "ஆண்டி, நான்தான். சொல்லிடறேன். ஜாவித்கிட்ட சொல்லிடறேன். எல்லாத்தையும்..."

அவன் பின்னால் சர்வர் ஒரு சின்ன சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தான். பழைய பதிவுகள் நீக்கப்பட்டன.

வெளியே அவர் மெல்லத் தலையைத் திருப்பினார். இருட்டறையில் பழுத்த மஞ்சள் முகம், அதில் அங்கங்கே கரும்புள்ளி. கோபம் ஒன்றும் தெரியவில்லை. களைத்துப்போயிருந்தார். பராசரனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். ஆள்காட்டி விரலை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாய்க் கூட்டிப் படிப்பவரைப்போல யோசித்து, இரண்டாவது பொத்தானை அழுத்தினார்.

கட்டம் மறைந்தது. திரையில் முப்பது சதவீதம். அவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.